போடி ரயிலும் பயணிகளின் நம்பிக்கையும்

ஒரு பஸ்ஸோ ரயிலோ நல்ல சேவைதான் என்று பயணிகள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? சீட்டா, சுத்தமா, கட்டணமா? 1988ல் பரசுராமன், ஜெய்தாம்ல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் சேவைத் தரத்தை ஐந்து அம்சங்களாகப் பிரித்து அளந்தார்கள். மார்க்கெட்டிங் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த ஐந்தில் வாடிக்கையாளர்கள் முதலிடம் கொடுத்தது நம்பகத்தன்மைக்கு. அதாவது சொன்னதைச் சொன்னபடி செய்வது!

இந்த அளவுகோலை மதுரை - போடிநாயக்கனூர் ரயிலுக்கு வைத்துப் பார்க்கலாம்.

90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1928ல் திறக்கப்பட்டது. ஏலமலைச் சரக்கெல்லாம் போடியில்தான் இறங்கும். மூணாறு தேயிலைகூட டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து போடிக்கு வந்தது. ஆனால் 14 வருடத்திலேயே முதல் அடி. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று 1942ல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ரயில் திரும்பி வந்தது 1950களில்தான்.

அந்த இடைவெளியில் சாலைதான் கதி. மதுரைச் சீமையில் அது டி.வி.எஸ். பஸ்களின் காலம். அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. 1972ல் அந்த பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. கம்பெனி போய் அரை நூற்றாண்டு ஆகியும் 'நேரத்துக்கு வரும்' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ரயிலுக்கு இரண்டாவது அடி 2010 டிசம்பர் 31. அகலப்பாதையாக மாற்றுவதற்காகச் சேவையை நிறுத்தினார்கள். மதுரை - தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் 15. அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ரயில் திரும்புவதற்குள் பிளஸ் டூவே முடித்துவிட்டது.

சரி, வந்த ரயில் எப்படி? 2023ல் போட்ட நேரப்படி மதுரையில் காலை 8.20க்குக் கிளம்பும், போடியில் மாலை 5.50க்குத் திரும்பும். மதுரைக்காரர் போடிக்கு வந்து போக வசதி. ஆனால் போடிக்காரர் காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ போய் மாலையில் திரும்ப வேண்டுமென்றால்? பஸ்தான். ரயில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாமல் ஓடினாலும் அவருக்கு அதனால் பயனில்லை.

ரயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் கருத்துக் கேட்டால் திருப்தி என்றுதான் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் நிற்பவரிடம் யார் கேட்பது? பயணிகள் திருப்தியை அளக்கும் கணக்கெடுப்புகளில் விட்டுப்போவது இவர்கள்தான்... நம்பி ஏமாந்து, வேறு வழி பார்த்துக்கொண்டவர்கள்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே ஜீப் பிடித்து போடிமெட்டு மலை ஏறுகிறார்கள். நெரிசல்தான், சொகுசு கிடையாது. ஆனால் ஜீப் வராவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. அவர்களுக்கு நல்ல வண்டி என்றால், வரும் என்று நம்பி வாசலில் நிற்க முடிகிற வண்டி.

போடி ரயில் இரண்டு முறை போய்த் திரும்பி வந்திருக்கிறது. தண்டவாளம் போட்டாயிற்று. அந்த நம்பிக்கை திரும்ப, காலையில் போடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பும் ஒரு வண்டி வேண்டும்.