22 கிலோபைட்டில் ஒரு பிரபஞ்சம்: விண்வெளி கேம்களில் ஆழம் இருக்கா, இல்லையா?

2020 லாக்டவுன் சமயம், ராத்திரி ஒரு மணி இருக்கும். நான் எலைட் டேஞ்சரஸ் விளையாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய் எரிபொருள் நிரப்புகிறேன். அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவுகிறேன். அங்கேயும் எரிபொருள் நிரப்புகிறேன். அரைமணி நேரமாக இதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் ரூம்மேட் கேட்டான்: "எல்லாம் சரிடா, இதுல நீ என்னதான் பண்ற?"

எனக்குப் பதில் வரலை. அதுக்கு முன்னாடியே இருநூறு மணி நேரத்துக்கு மேல் அந்த கேமில் போட்டிருந்தேன், அதுதான் உறுத்தியது. சும்மா சுத்திக்கிட்டு இருந்தேனா, இல்லை உண்மையிலேயே ஏதோ விளையாடிக்கிட்டு இருந்தேனா? அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இந்த வகை கேம் கடைக்கு வருவதற்கு முன்னாடியே இந்தக் கேள்வி வந்துவிட்டது. இந்த எபிசோட் அந்தக் கதைதான்.

எண்பதுகளின் தொடக்கம், இங்கிலாந்து. கேம்பிரிட்ஜில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்று இரண்டு மாணவர்கள். பிபிசி மைக்ரோ என்கிற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு விண்வெளி கேம் எழுதுகிறார்கள். அதை முதலில் தார்ன் ஈஎம்ஐ நிறுவனத்திடம் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கோர் எங்கே? மூன்று உயிர் எங்கே? ஒரு ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிய வேண்டாமா?

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. அன்றைக்கு கேம் என்றாலே ஆர்கேட் மெஷின். காசு போடு, சாகு, மறுபடியும் காசு போடு. வீட்டு கேம்களும் அந்த அச்சிலேயே வந்தன. "இந்தா கப்பல், இந்தா 100 கிரெடிட், எங்க வேணும்னாலும் போ" என்றால், "போய்?" என்றுதான் யாரும் கேட்பார்கள். என் ரூம்மேட் கேட்டதும் அதேதான்.

கடைசியில் அக்கார்ன்சாஃப்ட் அதை எடுத்துக்கொண்டது. 1984 செப்டம்பரில் 'எலைட்' வெளியானது.

இந்த கேமை எமுலேட்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். வெறும் கோட்டுப்படம்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்க. லாவே என்கிற விவசாயக் கோளில் ஆரம்பிக்கிறீங்க. உணவு அங்கே மலிவு. பக்கத்தில் ஜாவோன்ஸ் என்ற தொழிற்சாலைக் கோளில் உணவுக்கு விலை அதிகம், கம்ப்யூட்டர்கள் மலிவு. இங்கே வாங்கி அங்கே வித்தால் லாபம். ஆனால் கப்பலில் 20 டன்தான் ஏறும். ஒரு முழு டேங்க் எரிபொருளில் 7 ஒளியாண்டு தூரம்தான் போகலாம். சட்டம் ஒழுங்கு இல்லாத ஊர்களில் கொள்ளைக்காரர்கள் அதிகம். அவர்களைச் சமாளிக்க நல்ல லேசர் வேணும். லேசருக்குக் காசு வேணும். சீக்கிரம் காசு வேணும்னா போதைப்பொருள் கடத்தலாம். கடத்தினால் போலீஸ் துரத்தும். போலீஸைச் சமாளிக்க? மறுபடியும் லேசர்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, ஸ்டேஷனுக்குள் நுழைவது. ஸ்டேஷன் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சின்ன வாசலுக்கு நேராக வந்து, அதே வேகத்தில் நம் கப்பலையும் உருட்டிக்கொண்டே உள்ளே போகணும். கொஞ்சம் பிசகினால் கப்பல் காலி. உள்ளே போய் நின்றால்தான் சேவ் பண்ண முடியும். அதனால் மூணு ஊர் தாண்டி, கொள்ளைக்காரனை எல்லாம் தாண்டி, சரக்கோடு வந்து, கடைசி வாசப்படியில் இடறி விழுந்தால் போன சேவுக்குத்தான் திரும்பணும். இதைத் தானாகச் செய்கிற டாக்கிங் கம்ப்யூட்டர் 1500 கிரெடிட். நான் அதை வாங்கின அன்னிக்கு, சம்பள உயர்வு வந்த மாதிரி இருந்தது.

தனித்தனியா எடுத்துப் பார்த்தால் இதில் எதுவும் பெரிய விஷயம் இல்லை. வியாபாரம் என்பது ஒரு விலைப்பட்டியல். சண்டை சுமார். ஆனால் ஒன்றின் கயிறு இன்னொன்றில் கட்டியிருக்கு. ஒன்றை இழுத்தால் மற்றது அசையும். அப்புறம், எப்போதும் கையில் இழக்க ஏதோ ஒன்று இருக்கு. விளையாட்டில் ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போ நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதி, கோட். பிபிசி மைக்ரோவில் இருந்தது 32 கிலோபைட் நினைவகம். திரைக்கு ஒதுக்கியது போக, கேமுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 22. இன்றைக்கு நாம் அனுப்புகிற ஒரு வாட்ஸாப் போட்டோகூட அதில் அடங்காது. அதில் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலம், மொத்தம் 2048. இத்தனையையும் எங்கே சேமித்தார்கள்? சேமிக்கவே இல்லை. மூன்று 16-பிட் எண்கள். அவற்றைக் கூட்டினால் அடுத்த எண், அதோடு கூட்டினால் அதற்கடுத்தது, ஃபிபொனாச்சி வரிசை மாதிரி. அந்த எண்களின் பிட்களைப் பிய்த்து ஊர்ப்பெயர், ஆட்சி முறை, பொருளாதாரம் எல்லாம் அங்கேயே உருவாகும். புள்ளி வைத்துவிட்டால் கோலம் தானாக வந்துவிடுகிற மாதிரி. எத்தனை தடவை போட்டாலும் அதே கோலம்.

மூன்று 16-பிட் எண் என்றால் மொத்தம் 48 பிட். அதாவது 8 கேலக்ஸியோடு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. சுமார் 281 லட்சம் கோடி கேலக்ஸி வரை போகலாம். அதே கோட், கூடுதலாக ஒரு பைட்கூடச் செலவில்லை. பிரேபனுக்கும் பெல்லுக்கும் அந்த ஆசை இருந்தது. வேண்டாம், குறையுங்கள் என்றது அக்கார்ன்சாஃப்ட். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் இது எல்லாம் கணக்குதான் என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அகலக்கால் வைக்காதே என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான். இந்த மொத்த வரலாற்றிலும் எனக்குப் பிடித்த முடிவு இது. அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டார்கள்.

மறந்தவர்களில் முதல் ஆள் பிரேபனே. 1993-ல் வந்த 'ஃப்ரன்டியர்: எலைட் 2' ஒரே ஃப்ளாப்பியில் ஒரு முழு கேலக்ஸி, கோள்கள் உண்மையான அளவில், கப்பல்கள் நியூட்டன் விதிப்படி ஓடும். பொறியியல் ரீதியாக நான் தலை வணங்குகிறேன். ஆனால் நியூட்டன் விதிப்படி சண்டை போட்டுப் பாருங்க. எதிரி சர்ரென்று நம்மைத் தாண்டிப் போவான், நாம் திரும்புவோம், அவன் திரும்புவான், மறுபடியும் தாண்டிப் போவோம். எதிரெதிர் தண்டவாளத்தில் இரண்டு ரயில்.

அப்படியே 2016 ஆகஸ்டுக்கு வாங்க. 'நோ மேன்ஸ் ஸ்கை'. ஹலோ கேம்ஸ் என்ற சின்ன டீம். கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64-ஆம் அடுக்கு, 18 போட்டு பின்னால் 18 பூஜ்யம். வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கோளில், ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. அந்தச் சம்பவத்தோடு தொடங்கிய கோபம் மாசக்கணக்கில் ஓடியது. வாக்குறுதி மீறல் என்று அதைச் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் மூன்றாவது கோளிலேயே எல்லாருக்கும் கணக்கு தெரிந்துவிட்டது என்பதுதான் பெரிய பிரச்சனை. கால் நீளமான மிருகம், கால் குட்டையான மிருகம், பச்சை வானம், ஆரஞ்சு வானம். 1984-ல் அக்கார்ன்சாஃப்ட் பயந்தது அப்படியே நடந்தது.

அவர்கள் அதோடு ஓடிப்போகவில்லை. அதே வருஷம் நவம்பரில் வீடு கட்டும் வசதி வந்தது. 2018 ஜூலையில் மற்ற ஆட்டக்காரர்களை நேரில் பார்க்கும் வசதி. இன்று வரை எல்லா அப்டேட்டும் இலவசம். கவனிச்சுப் பாருங்க, கேமைக் காப்பாற்றியது புதுக் கோள்கள் இல்லை. ஒரு கோளில் தங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்ததுதான்.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம், 2003-ல் 'ஈவ் ஆன்லைன்' மூலம். சில ஆயிரம் நட்சத்திர மண்டலங்கள்தான். ஆனால் எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே பிரபஞ்சத்தில். கப்பல்களை ஏறக்குறைய எல்லாம் ஆட்டக்காரர்களே தயாரித்து விற்கிறார்கள். வெடித்தால் போனது போனதுதான். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டத் தவறியது. கரண்ட் பில் கட்ட மறந்த கதைதான். எதிரிகள் உள்ளே புகுந்தார்கள். பி-ஆர்5ஆர்பி என்ற அந்த மண்டலத்தில் 21 மணி நேரம் சண்டை. 7,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கட்டி முடிக்கவே மாசக்கணக்காகும் டைட்டன் கப்பல்களில் 75 அழிந்தன. சர்வர் தாங்காமல், கேமுக்குள் நேரத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கி ஓட்டினார்கள். லோடு அதிகமானால் ரிக்வெஸ்ட்டைத் தூக்கி எறிவோம், இவர்கள் காலத்தையே நீட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இன்றும் கப்பல் சிதைவுகள் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. ஆனால் அந்த கேமில் தினசரி வேலை பெரும்பாலும் எக்ஸெல் ஷீட். எனக்கு அது ஆபீஸிலேயே போதும், இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

சரி, என் கேமுக்கு வருவோம். எலைட் டேஞ்சரஸ், 2014 டிசம்பர். நம் பால்வெளி மண்டலம் உண்மையான அளவில், 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். இது கடலளவு அகலம், கணுக்கால் அளவு ஆழம் என்பது பழைய ஆட்டக்காரர்களின் புகார். பாதி ஒத்துக்கிறேன். கப்பல் வெடித்தால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டி அதே கப்பலை வாங்கிக்கொள்ளலாம். வியாபாரம், சுரங்கம், சண்டை எல்லாம் இருக்கு. ஆனால் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கு. 1984-ல் கட்டியிருந்த கயிறு இங்கே அவிழ்ந்து கிடக்கு.

இந்த வெற்றிடத்தில் ஆட்டக்காரர்களே ஒன்றைச் செய்தார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவானில் மாட்டிக்கொள்பவர்களைக் காப்பாற்ற 'ஃப்யூயல் ராட்ஸ்' என்று ஒரு குழு. பைசா வாங்க மாட்டார்கள். மெயின் மெனுவுக்குப் போய்க் காத்திரு, ஆக்ஸிஜன் வீணாகாது என்று சொல்லிவிட்டு, பல நூறு ஒளியாண்டு தாவி வருவார்கள். கேமை எழுதினவர்கள் போட்ட மிஷன் இல்லை இது.

அந்த ராத்திரி நான் கேலக்ஸியின் மையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பூமியிலிருந்து அங்கே சுமார் 26,000 ஒளியாண்டு. வழியில் பார்த்த கோள்களின் தகவல் எல்லாம் கப்பலில் இருந்தது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி விற்றால்தான் அது நம்முடையது, கண்டுபிடித்தவர் பெயராக நம் பெயர் பதிவாகும். அதற்குள் செத்தால் எல்லாம் போச்சு. 5 சதவீதம் எல்லாம் இங்கே செல்லாது. மூன்று வாரத் தகவல். ரூம்மேட் தூங்கப் போன பிறகு, அழகாக இருக்கேன்னு ஒரு கோளில் இறங்கப் பார்த்தேன். ஈர்ப்பு விசை எவ்வளவு என்று பார்க்கவில்லை. கப்பல் கல் மாதிரி விழுந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் காலையில் டீ போடும்போது அவனிடம் சொன்னேன், மூணு வாரம் போச்சுடா. "அப்ப ஏதோ பண்ணிட்டுதான் இருந்திருக்க," என்றான்.

பழைய எலைட்டின் சோர்ஸ் கோடை இயன் பெல் தன் தளத்திலேயே போட்டிருக்கிறார். அந்தப் பெயர் உருவாக்கும் பகுதியை பைத்தானில் எழுதிப் பார்த்தேன், முப்பது வரி கூட வரலை. அடுத்த எபிசோடில் அதை வரி வரியாகப் பார்க்கலாம். அதுவரைக்கும் யாராவது டாக்கிங் கம்ப்யூட்டர் வாங்காமலேயே 'எலைட்' பட்டம் வரை போயிருந்தால் எனக்கு மெயில் போடுங்க, உங்களோடு பேசணும்.