பீர்மேட்டுப் பாட்டனார்

நாட்டு வரலாறு என்றதும் அரசர்களின் வரிசையும் போர்களின் ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டு வரலாறு என்றால், அங்கே தோட்டம் கண்ட துரைமார்களின் பெயர்கள் வருகின்றன. கோடரியும் மண்வெட்டியும் ஏந்தி அம்மலையைத் தோட்டமாக்கியவர்கள் எவர் என்னும் வினாவுக்கு மட்டும் ஏடுகளில் விடை காண்பது அரிது. அவ்விடை பெரும்பாலும் நம் வீடுகளிலேதான் இருக்கின்றது. "எங்கள் பாட்டனார் கம்பத்திலிருந்து மலையேறிப் போனவர்" என்று சொல்லும் குடும்பங்கள் பல. அப்பாட்டனாரின் நீண்ட வாழ்வைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பீர்மேடு, இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ளது. பீர் முகம்மது என்னும் சூஃபிப் பெரியாரின் பெயரால் இவ்விடம் இப்பெயர் பெற்றதென்பர். திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்காலத்தில் வந்து தங்கிய குளிர்மலை இது. குமுளியைக் கடந்து கிழக்கே இறங்கினால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என நம் ஊர்கள் தொடர்கின்றன. எல்லை மலையின் மேல் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாநில மக்களும் அங்கே கூடுகின்றனர். இம்மலைப்பகுதியில் முன்னாளில் ஆட்சியுரிமை கொண்டிருந்த பூஞ்சாற்று அரச குடும்பத்தார் தம்மைப் பாண்டிய மரபினர் என்றே கூறிக்கொள்வர். ஆகவே மலைக்கும் சமவெளிக்கும் இடையே போக்குவரவு நேற்று உண்டானதன்று.

ஆயினும் பெருங்கூட்டமாகத் தமிழ் மக்கள் மலையேறியது தோட்டத்தொழில் வந்த பிறகேயாம். அதற்கு முன் மன்னான், ஊராளி, பளியர், மலையரையர் முதலிய மலைவாழ் மக்கள் அக்காடுகளில் வாழ்ந்துவந்தனர். 1860களில் ஐரோப்பியர் பீர்மேட்டுப் பகுதியில் காப்பி பயிரிடத் தொடங்கினர். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் பற்றிக்கொண்டது. காப்பி அழிந்த இடங்களில் காலப்போக்கில் தேயிலை வந்தது. காப்பியைவிடத் தேயிலைக்கு ஆள் மிகுதியாக வேண்டும். ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளவேண்டும். எனவே சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கும் வழக்கம் வேரூன்றியது.

ஆட்கள் கிடைத்தமைக்குக் காரணம் சமவெளியின் வறுமை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முதியோர் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்த மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நிலமற்றோர்க்கு, சிறப்பாகத் தாழ்த்தப்பட்ட குடியினர்க்கு, ஊரில் உண்ண வழியும் இல்லை, தலைநிமிர்ந்து நடக்க வழியும் இல்லை. அந்த நேரத்தில் கங்காணி ஊருக்கு வந்தார். முன்பணம் தந்தார். அம்முன்பணமே கடனாயிற்று; கடன் தீரும்வரை தோட்டத்தைவிட்டு அகல இயலாது. முன்பணம் பெற்ற வேலையாள் இடையில் விலகினால் அதனைக் குற்றமாகக் கொள்ளும் சட்டம் ஒன்று 1859இல் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் இயற்றப்பட்டது. அதனை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. பசியால் வந்தவர் கடனால் தங்கினார் என்பதே அக்கால நிலை.

இனி நம் பாட்டனாரை நெருங்கிக் காண்போம். அவருக்கு நாம் பெயர் சூட்டப் போவதில்லை. பல்லாயிரவர்க்குப் பொதுவான வாழ்வை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லுகிறோம், அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். சிறுவனாகத் தந்தையின் பின்னால் குமுளி வழியே மலையேறியவர் என்று கொள்வோம். விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டு என்று வழங்கும் காலை வரிசையில் ஆட்கள் நிற்பர். செக்ரோல் என்னும் பேரேட்டில் பெயர் விழும். பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மழையிலும் மூடுபனியிலும், அட்டைகள் காலைக் கடிக்க, செங்குத்தான சரிவுகளில் வேலை நடக்கும். அந்நாளில் மலைக்காய்ச்சல் கொண்டுபோன உயிர்கள் பல.

அவர் செய்த வேலைதான் யாது? காட்டை வெட்டினார், எரித்தார், வேர்களைக் கல்லினார், சரிவில் மண் கரையாதிருக்கக் கல்லணை கட்டினார், குழி தோண்டிக் கன்று நட்டார், நிழலுக்குச் சவுக்கு மரம் வைத்தார். தேயிலை இயல்பாக மரமாக வளரும் தன்மையது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் கவ்வாத்துச் செய்தால்தான் இடுப்பளவில் நின்று கொழுந்து தரும். வளைந்த கத்தியால், கிளை பிளவாமல், நீர் தங்காமல், சாய்வாக வெட்டுதல் வேண்டும். தவறினால் கிளை அழுகும். இக்கைத்திறம் ஒரு நாளில் வருவதன்று. நன்கு பேணப்பட்ட தேயிலைச் செடி நூறாண்டும் விளைவு தரும். ஆதலால் பாட்டனார் நட்ட செடியில் பேர்த்தி கொழுந்து கிள்ளுகிறாள் என்பது மலையில் புனைந்துரையன்று, கண்கூடான உண்மை.

பாட்டனாரைப் பேசும்போது பாட்டியாரை மறத்தல் முறையாகாது. கொழுந்து பெரும்பாலும் பெண்டிர் கையில்தான் வந்தது. முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, இரு கைகளிலும் இடையறாத இயக்கம். மாலையில் நிறுவைக்குப் பிறகு லயத்து அறையில் அடுப்பு. ஓர் அறையும் ஒரு சிறு முற்றமும் கொண்ட அந்த வரிசை வீடுகளில்தான் மக்கள் பிறந்தனர், வளர்ந்தனர், மணம் புரிந்தனர். மலைமேல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். பொங்கலும் திருவிழாவும் தவறவில்லை. தமிழ் அங்கே பள்ளியில் வருமுன்பே தாலாட்டில் வந்துவிட்டது.

இத்தகைய ஒருவர் எண்பது ஆண்டு வாழ்ந்தார் என்றால், ஒரே லயத்தில் இருந்துகொண்டே அவர் எத்தனை மாறுதல்களைக் கண்டிருப்பார்! பிறந்தபோது மலை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைச்சாலைகளை அரித்துச் சென்றதைக் கண்டார். 1949இல் அது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலமாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேரவேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கிளர்ச்சி செய்தனர். தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்களேயன்றி நிலையான குடிகள் அல்லர் என்னும் எதிர்வாதமும் அப்போது எழுந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதி வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் பிறந்தது. ஆட்சிகளும் எல்லைகளும் மாறின, பாட்டனார் மாறவில்லை. நாற்பது ஆண்டு ஒரே சரிவில் உழைத்தவரை வந்துபோகிறவர் என்று சொல்லுதல் எவ்வளவு பொருந்தும் என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில் கடல் கடந்த நாடொன்றை ஒப்புநோக்குவது பயன் தரும். வட அமெரிக்காவில் பிரெய்ரி என்னும் பரந்த புல்வெளிகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 1862இலும் கனடாவில் 1872இலும் வந்த சட்டங்கள், அங்கே குடியேறிச் சில ஆண்டுகள் தங்கிப் பயிரிட்டவர்க்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கின. அந்நிலத்தில் முன்பு வாழ்ந்த தொல்குடியினர் அதனால் இடம் இழந்தனர் என்னும் துயரத்தையும் மறைத்தற்கில்லை. ஆயினும் குளிரிலும் வறட்சியிலும் பாடுபட்ட அக்குடியானவர், முதுமையில் தம் வீட்டு வாயிலில் அமர்ந்து தம் வயலைப் பார்த்தார். அவர்தம் பேரப்பிள்ளைகள் ஊர்தோறும் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து நூலாக்கியிருக்கின்றனர். பாட்டனார் வந்த ஆண்டும், கட்டிய முதற் குடிசையும், இழந்த குழந்தைகளும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன.

பீர்மேட்டுப் பாட்டனாரும் உழைப்பில் அவருக்குக் குறைந்தவரல்லர். காட்டை அழித்தார், குளிரைத் தாங்கினார், மண்ணைப் பயன்படுத்தினார். ஆனால் ஓய்வுபெறும் நாளில் அவர் கையில் ஒரு முழ நிலமும் இல்லை. குடியிருந்த லயமும் வேலைக்காகத் தரப்பட்டதேயன்றி அவருக்கு உரியதன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் கூரை நிலைக்கும். பிள்ளைகள் மலையைவிட்டு இறங்கிப் படித்து வேறு தொழிலுக்குச் சென்றால், பெற்றோர் வீட்டை இழப்பர். இத்தகைய முடிச்சு பிரெய்ரிக் குடியானவர்க்கு இருந்ததில்லை.

சட்டங்கள் வாராமல் இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், குடிநீர் ஆகியவற்றைத் தோட்ட உடைமையாளரின் கடமையாக்கிற்று. தொழிற்சங்கங்கள் கூலியையும் மதிப்பையும் உயர்த்தின. இவை பெருநன்மைகள். கேரளத்தின் 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, குத்தகைக் குடிகளை நிலவுடைமையாளர் ஆக்கியது. குடிகிடப்புக்காரர் என்னும் குடிசைவாசிகளுக்குக் கிராமங்களில் 10 சென்டு வரை நிலம் பெறும் உரிமை தந்தது. இந்திய நாட்டில் மிகப் புகழ்பெற்ற சீர்திருத்தம் அது. எனினும் தோட்டங்கள் அச்சட்டத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. மலையடிவாரத்துக் குடிசைக்காரர்க்குக் கிடைத்த உரிமை மலைமேல் லயத்துக்காரர்க்குக் கிடைக்கவில்லை.

அதன் விளைவு 2000ஆம் ஆண்டையொட்டித் தெளிவாகத் தெரிந்தது. தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது; பணிக்கொடை நிலுவையாயிற்று. ஓய்வுபெற்ற முதியோர் பலர், வரவேண்டிய தொகை வாராமையால், ஒழுகும் லயங்களிலேயே காத்திருந்தனர். கவ்வாத்து இல்லாத தேயிலை மரமாக ஓங்கிற்று. பாட்டனார் கை படாத மலை என்ன ஆகும் என்பதை அம்மலையே எடுத்துக்காட்டிற்று.

நிலம் இல்லாமை ஒருபுறமிருக்க, எழுத்து இல்லாமையும் பேரப்பிள்ளைகளைத் துன்புறுத்துகின்றது. பட்டியல் சாதியினரைக் குறிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளிவந்தது. அந்நாளுக்குப் பின் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தில் அச்சலுகையைக் கோர இயலாது. ஆகவே, "உங்கள் பாட்டனார் 1950க்கு முன்பே இங்கு வாழ்ந்தார் என்பதற்குச் சான்று என்ன?" என்று அலுவலகத்தில் கேட்கின்றனர். வாழ்நாள் முழுவதும் காலைதோறும் பேரேட்டில் பெயர் விழுந்த மனிதருக்கு, வேண்டும் வேளையில் அப்பெயர் அகப்படுவதில்லை. மூடிய தோட்டங்களின் ஏடுகளைக் கரையான் தின்றது போக எஞ்சியதை யார் காத்தனர்? பேரப்பிள்ளையின் கல்லூரி இடம் பாட்டனாரின் பழைய காகிதம் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றது.

அன்பர்களே! பாட்டனாரை நினைத்தல் வெறும் உணர்ச்சிச் செயல் அன்று என்பது இதனால் விளங்கும். அது நமக்குரிய கடமை; நம் மக்களுக்குரிய காவலுமாம். நாம் வாழ்வது எந்த மாநிலமாயினும், வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே அவரை அமர்த்திக் கேட்போம். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில், யாருடன், எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். பழைய சம்பளச் சீட்டு, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, கோயில் வரிச் சீட்டு, திருமண அழைப்பிதழ், கல்லறைக் கல்வெட்டு ஆகிய எதுவும் சிறிதன்று. அவற்றைத் திரட்டிப் படி எடுத்துக் காப்போம். பாட்டியாரின் பெயரையும் பிறந்த ஊரையும் எழுத மறவாதிருப்போம்.

அரசர்க்குக் கல்வெட்டு வெட்டப் பிறர் இருந்தனர். துரைமார்க்கு நூல் எழுதப் பிறர் இருந்தனர். மலையைத் தோட்டமாக்கிய பாட்டனார்க்கு எழுதுவோர் நம்மைத் தவிர வேறு யாரும் இலர். காலையில் ஒரு கோப்பைத் தேநீரை நாம் கையில் எடுக்கும்போது, அதன் நிறத்திலும் மணத்திலும் அவருடைய நாற்பது ஆண்டு உழைப்பு கலந்திருக்கின்றது. அவ்வுழைப்புக்குரிய நிலம் இன்னும் வழங்கப்படவில்லை. உரிய பெயரையேனும் நாம் இன்றே எழுதத் தொடங்குவோமாக.