யாருக்குத் தெரிந்த சென்னை? மேல்நிலை வகுப்புக்கான திரைப்படத் தேர்வு குறித்து

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் திரைப்படம் இன்று இரண்டு இடங்களில் பாடமாகியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மாதந்தோறும் ஒரு சிறார் படத்தைத் திரையிடும் திட்டம் 2022இல் தொடங்கியது. புதிய பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலோ ‘திரைமொழி’ என்ற உரைநடைப் பாடம் இடம்பெற்றுள்ளது. முன்னதில் படம் முதன்மை. பின்னதில் படத்தின் மொழி முதன்மை. அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி, படத்தொகுப்பு ஆகியவற்றைப் படிக்கும் மேல்நிலை மாணவர் எந்தப் படத்தைக் கொண்டு அவற்றைப் பழகுவார் என்பதை ஆசிரியரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு ஓர் அளவுகோலை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிப் பள்ளிகளின் வகுப்பறைகளை மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது.

வழக்கில் உள்ள அளவுகோல்கள் இரண்டு. முதலாவது, நற்கருத்து. இந்த அளவுகோல் படத்தை நீதிக்கதையாகச் சுருக்கிவிடுகிறது. எம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யை (2015) ‘பீட்சாவைவிடப் பாட்டி சுட்ட தோசையே மேல்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும் வகுப்பில் அந்தப் படத்துக்கு வேலையே இல்லை. ஆசிரியர் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டே போகலாம். இரண்டாவது, உலகத் தரம். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948), ‘பதேர் பாஞ்சாலி’ (1955) ஆகியவற்றின் பெருமையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இது மேதைமை என்ற அறிவிப்போடு வரும் படத்தின் முன் மாணவர் பணிந்து குறிப்பெடுப்பாரே தவிர, இயக்குநரின் முடிவு எதையும் கேள்வி கேட்கமாட்டார். போருக்குப் பிந்தைய ரோம் நகரத் தெரு எப்படி இருந்தது என்று அறியாதவருக்கு, கேமரா அதில் எதை விட்டுவிட்டது என்று சொல்ல வழியில்லை.

எனவே மூன்றாவது ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. படம் காட்டும் உலகத்தைத் தாம் அறிந்த உலகத்தோடு ஒப்பிட்டு, ‘இங்கே ஏன் இப்படிக் காட்டினார்கள்?’ என்று கேட்க வகுப்பில் சிலருக்கேனும் அறிவு இருக்க வேண்டும். அந்தச் சிலர் படத்துக்குப் படம் மாறவும் வேண்டும். தியாகராய நகரின் ஒரே வகுப்பில் துணிக்கடை ஊழியரின் மகளும் வங்கி அலுவலரின் மகனும் உட்கார்ந்திருக்கக்கூடும். இருவருக்கும் தெரிந்த சென்னை ஒன்றல்ல. ஒரு படத்துக்கு ஒருவர் அறிந்தவர், மற்றவர் கேட்பவர். அடுத்த படத்துக்கு இந்த நிலை மாற வேண்டும். நல்ல பாடப்பட்டியல் என்பது வகுப்பறையில் அறிவின் அதிகாரத்தை இப்படிக் கைமாற்றித் தரும் பட்டியல். சென்னையைக் களமாகக் கொண்ட மூன்று படங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரித்த இந்தப் படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளையொட்டி, வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி என்று ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கதை சொல்லி வேறொருவரைச் சந்தேகிக்கிறார்கள். குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். வகுப்புக்கு உதவுவது ஒற்றுமையைவிட வேற்றுமைதான்: ‘ரஷோமான்’ உண்மையை முடிச்சவிழ்க்காமல் விடுகிறது, ‘அந்த நாள்’ முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. அது இழப்பா, ஆதாயமா என்று மாணவர்கள் வாதிடலாம். பட்டியலின் தொடக்கத்தில் இதை வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1943இன் சென்னை இன்றைய மாணவர் எவருக்கும் தெரியாது. எனவே எல்லாரும் சமநிலையில் தொடங்குகிறார்கள். திரையில் காண்பதைச் சாட்சியமாக அப்படியே ஏற்கக்கூடாது என்ற பயிற்சியைப் படத்தின் அமைப்பே தந்துவிடுகிறது.

அடுத்து பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையில், அலுவலகம் செல்லும் சுதா சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். கடன், நகை விற்பனை, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர், முடிவில் நிலத்துக்கு உரிமை கோரும் குடிநீர் வாரியம் என்று கதை நகர்கிறது. பாடல்கள் இல்லை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசையே பின்னணியாக ஒலிக்கிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்குச் சிமெண்ட் மூட்டையின் கணக்கு தெரியும். வாடகை வீடு மாறிப் பழகிய பிள்ளைக்கு முன்பணத்தின் கணக்கு தெரியும். பாதி எழும்பிய வீட்டைத் தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) பார்க்க வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சுவரும் கூரையும் முகமும் எந்த வரிசையில் வருகின்றன, கேமரா எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எழுதச் சொன்னால், திரைமொழிப் பாடத்தின் சொற்கள் மாணவருக்குத் தாமாகவே தேவைப்படும்.

‘காக்கா முட்டை’ இங்கே கடினமான சோதனை. குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சா வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்; கடை வாசலில் அடிபடுகிறார்கள். அந்த அடியை யாரோ கைபேசியில் பதிவுசெய்கிறார்கள். பதிவு பேரம் பேசும் சரக்காகிறது, பிறகு செய்தியாகிறது. கைபேசியோடு வளரும் தலைமுறைக்கு, அசையும் படத்தின் அறத்தை விவாதிக்க இதைவிடப் பொருத்தமான காட்சித் தொடர் தமிழில் அரிது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழுகிறது. குடிசைப் பகுதியிலிருந்து வரும் மாணவர் வகுப்பில் இருந்தால், அறிவை மாணவரிடமே கேட்கும் இந்த முறை அவரைக் காட்சிப்பொருளாக்கிவிடாதா? அபாயம் உண்மையானதுதான். அதற்காகப் படத்தைக் கைவிடத் தேவையில்லை. கேள்வியை மாற்றினால் போதும். ‘உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?’ என்பது தவறான கேள்வி. ‘கேமரா சிறுவர்களின் கண்மட்டத்தில் எப்போது நிற்கிறது, எப்போது விலகுகிறது?’ என்பது சரியான கேள்வி. அறிந்தவர் விரும்பினால் பேசலாம், மௌனமாகவும் இருக்கலாம். விடைக்கான ஆதாரம் திரையிலேயே இருக்கிறது.

உள்ளூர்ப் படங்கள் பார்வையைக் குறுக்கிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. பட்டியல் முழுவதும் சென்னையாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆல்பெர் லமோரிஸின் ‘தி ரெட் பலூன்’ (1956) 34 நிமிடம். ஒரே பாடவேளைக்குள் அடங்கும். உரையாடல் மிகக் குறைவாக உள்ள அப்படம் திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்றது. ‘வசனம் இல்லாமல் திரைக்கதை எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியை ‘வீடு’ பார்த்த மாணவரிடம் கேட்டால், பாரிஸ் நகரம் தெரியாமலே அவரால் பதில் தேட முடியும். உள்ளூரில் பழகிய கண்தான் வெளியூர்ப் படத்துக்கும் பயன்படுகிறது.

நடைமுறைத் தடைகள் சொல்லப்படுவதைவிடச் சிறியவை. பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் அடங்கும்வரை, கல்வி நிறுவனம் தன் செயல்பாடுகளின் பகுதியாகப் படம் திரையிடுவதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிமீறலாகக் கருதுவதில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருப்பது ஆசிரியருக்கு ஒரு கைகாட்டி. பெரிய தடை, நல்ல பிரதி கிடைப்பதுதான். ‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டதை பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பாடப்பட்டியலில் ஒரு படம் இடம்பெறுவது அதைப் பாதுகாக்கக் கோருவதற்கும் ஒரு காரணமாகும்.

ஆண்டுக்கு நான்கு படங்கள் போதும். தேர்வு செய்யும் ஆசிரியர் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு நேரேயும் அது சொல்லும் நீதியையோ பெற்ற விருதையோ எழுத வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போது தம் வகுப்பில் யார் ஆசிரியராவார் என்பதை எழுதட்டும். நான்கு வரிகளிலும் ஒரே வகை மாணவர் வந்தால், பட்டியலைத் திருத்த வேண்டும். எந்த வரியிலும் யாரும் வராவிட்டால், அது ஆசிரியர் தமக்காகத் தேர்ந்த பட்டியல்.