ஒரே பாறை, இரு தலைவிதி: எண்ணெய்ப் பாறையின் பக்குவத்தை அறிவது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற்றில், கிம்மெரிட்ஜ் என்றொரு குடா உண்டு. அங்குள்ள கரிய களிப்பாறையில் கரிமப் பொருள் மிகுதி. ஊரவர்கள் ஒருகாலத்தில் அதை நிலக்கரிபோல எரித்தார்கள். 1959இல் தோண்டப்பட்ட எண்ணெய்க் கிணறு ஒன்றும் அந்தக் கரையில் இருக்கிறது. ஆனால் அக்கிணற்றின் எண்ணெய் அந்தக் கரும்பாறையில் பிறந்ததல்ல. அதற்கும் கீழே கிடக்கும், அதைவிடப் பழைய லயாஸ் பாறையில் பிறந்தது.

இதே கிம்மெரிட்ஜ் களிப்பாறைதான் வடகடலில் பிரித்தானியாவுக்கும் நோர்வேக்கும் பெருஞ்செல்வம் தந்த எண்ணெயின் மூலப்பாறை. நம்மவர் பலர் வாழும் இவ்விரு நாடுகளின் பொருளாதாரத்தையே மாற்றிய பாறை, டோர்செற்றில் மட்டும் ஏன் எண்ணெய் தரவில்லை? போதிய வெப்பம் கிடைக்காததே காரணம்.

வெப்ப முதிர்ச்சி

கடலடியில் புதையும் பாசி, பக்ரீரியா எச்சங்கள் முதலில் கெரோஜன் என்ற திண்மப் பொருளாகின்றன. ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது கெரோஜனிலிருந்து எண்ணெய் பிறக்கிறது. அதற்கு மேல் எரிவாயுவே மிஞ்சும். வடகடலின் நடுப்பள்ளங்களில் இப்பாறை 3 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிப் பக்குவப்பட்டது. டோர்செற்றில் அவ்வளவு ஆழம் புதையவில்லை.

பக்குவத்தை அளக்கும் வழமையான முறை, பாறையிலுள்ள விற்றினைற் என்ற மரத்துகள் எவ்வளவு ஒளியைத் தெறிக்கிறது என்று பார்ப்பது. சுமார் 0.6 வீதத்தில் எண்ணெய் உருவாகத் தொடங்கும், 1.3 வீதத்தோடு ஓயும். ஆனால் கடற்பாறைகளில் மரத்துகள் அரிது. கிணற்றில் வரும் எண்ணெயிலோ அறவே இல்லை.

உயிர்ச்சுட்டிகள்

1930களில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் அல்பிரெட் திரைப்ஸ், பச்சையத்தின் வழிவந்த போர்பிரின்களை மசகு எண்ணெயில் கண்டார். எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்தது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. இவ்வாறு உயிரினத்தின் அடையாளத்தைச் சுமக்கும் மூலக்கூறுகளையே உயிர்ச்சுட்டிகள் என்கிறோம். பக்ரீரியாவிலிருந்து ஹோப்பேன்களும், பாசி முதலியவற்றின் ஸ்ரெரோல்களிலிருந்து ஸ்ரெரேன்களும் வருகின்றன.

உயிரினம் இம்மூலக்கூறுகளைக் கட்டும்போது குறித்த கரியணுவில் ஒரே திசை அமைப்பையே, அதாவது ஆர் வடிவத்தையே, உருவாக்குகிறது. பாறை சூடேறச் சூடேற அதில் ஒரு பகுதி எதிர்த்திசையான எஸ் வடிவமாக மாறுகிறது. ஹோப்பேனில் எஸ் பங்கு ஏறத்தாழ 60 வீதத்தை எட்டி நின்றுவிடும். எண்ணெய் உருவாகத் தொடங்கும் கட்டத்திலேயே இது நிகழ்கிறது. ஸ்ரெரேனில் மாற்றம் மெதுவானது. அது 55 வீதமளவில் நிற்கும்போது எண்ணெய் உருவாக்கம் உச்சத்தை நெருங்கியிருக்கும். வாயு நிறப்பகுப்புக் கருவியையும் திணிவு நிறமாலைமானியையும் இணைத்து இவ்விகிதங்களை அளக்கிறார்கள்.

நின்றுவிட்ட கடிகாரம் அதன்பின் நேரம் காட்டாது. அதுபோல இவ்விகிதங்களும் எல்லையை எட்டியபின் எதையும் சொல்லா. பாறையின் வகை, வேறிடத்திலிருந்து கசிந்த எண்ணெய் என்பனவும் அளவைக் குழப்பலாம். ஆகவே ஒரே சுட்டியை நம்பாமல் பலவற்றை ஒப்பிட வேண்டும்.

மன்னாரும் நாமும்

2011இல் மன்னார் கடற்படுகையில் டொராடோ, பரகூடா ஆகிய கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது. ஹோப்பேன் போன்ற பெரிய மூலக்கூறுகள் எரிவாயுவில் இராததால், அதன் பக்குவத்தைக் கரிமச் சமதானிகள் போன்றவற்றின் மூலம் அறியலாம். ஊர்க்கடலில் எண்ணெய் இருக்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்தப் பாறை? அது எவ்வளவு வெந்தது?