சகோதரர் தோட்டத்துச் சாவுக் குறிப்புகள்

நெய்வேலியில் ஜெர்மனி என்றால் எல்லோருக்கும் இயந்திரந்தான் நினைவுக்கு வரும். மண்ணை வாரிக் கொட்டும் அந்த ராட்சதச் சக்கரங்களை ஜெர்மானியர்கள் செய்து அனுப்பினார்கள். கூடவே எஞ்சினீயர்களும் வந்தார்கள். வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆனால் அதற்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே நம் பக்கத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, பயிரிட்டு, இங்கேயே மாண்டும் போன ஜெர்மானியர் கூட்டம் ஒன்று உண்டு. நெய்வேலியிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் ஒரு காலைப் பொழுதில் அவர்கள் இருந்த இடத்துக்குப் போய்விடலாம். தரங்கம்பாடிக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தூரம், பொறையாறு பக்கம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சகோதரர் தோட்டம்'.

தரங்கம்பாடி என்றதும் வாசகர்கள் சீகன்பால்குவை நினைப்பார்கள். அவர் 1706-ல் வந்தவர். தமிழில் அச்சுப் போட்டவர். ஹாலே நகரத்துப் பாதிரிமார்களின் வழியில் வந்தவர். நான் சொல்லுவது வேறு கூட்டம். மொரேவியர் என்று பெயர். இன்று செக் குடியரசில் இருக்கும் மொரேவியாவிலிருந்து மதத்தின் காரணமாக ஓடி வந்தவர்கள், ஸாக்ஸனியில் ஸின்ஸென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் 1722-ல் ஹெர்ன்ஹூட் என்று ஒரு கிராமத்தை உண்டாக்கினார்கள். தச்சர், நெசவாளர், தையற்காரர், குடியானவர் இப்படிக் கைவேலை செய்து பிழைக்கிற ஜனங்கள். எங்கே போனாலும் தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

டென்மார்க் அரசருக்கு அப்போது நிக்கோபார் தீவுகளின் பேரில் ஒரு கண். 1756-ல் அவற்றைத் தம்முடையவை என்று பிரகடனம் செய்துவிட்டார். குடியேற்றத்தான் ஆள் அகப்படவில்லை. போனவர்களைக் காய்ச்சல் கொண்டு போயிற்று. மொரேவியர்கள் போகச் சம்மதித்தார்கள். வழியில் தங்கவும் தானியம் விளைவிக்கவும் தரங்கம்பாடியில் ஓர் இடம் வேண்டும் என்றார்கள். 1760 ஜூலையில் பதினான்கு ஆண்கள் வந்து இறங்கினார்கள். பிறகு மணமானவர்களும் வந்தார்கள். நிலம் வாங்கினார்கள், வீடும் பட்டறைகளும் எழுந்தன. ஹாலேப் பாதிரிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே பாஷை, ஒரே வேதம். ஆனாலும் ஒரு மைல் தூரத்துக்குள் இரண்டு கட்சி. நம் ஊர்ப் பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இவர்களைப் பற்றி இன்று எப்படித் தெரிகிறது என்பதுதான் என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவிலும் அயோவாவிலும் குடியேறிய ஜெர்மானியக் குடியானவர்களின் பேரன் பேத்திகள், தங்கள் பூர்வீகத்தைத் தேடும்போது பழைய பத்திரிகைகளின் மரண அறிவிப்புகளைப் புரட்டுகிறார்கள். பிறந்த கிராமம், கப்பலேறிய வருஷம், எத்தனை பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாதாகோயில் பதிவேட்டுக்கும், பத்திரப் பதிவுக்கும், கல்லறைக்கும் போகிறார்கள். சாவிலிருந்து பிறப்பை நோக்கிப் பின்னோக்கி நடக்கிற வித்தை இது.

மொரேவியர்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. அவர்களிடம் அதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. சபையைச் சேர்ந்த ஒவ்வொருவரும், பிரபுவானாலும் செருப்புத் தைக்கிறவரானாலும், தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதிவைக்க வேண்டும். 'லேபன்ஸ்லாஃப்' என்பார்கள், 'வாழ்க்கையின் ஓட்டம்' என்று பொருள். 'நான் இன்ன ஊரில் பிறந்தேன்' என்று தொடங்கும். பேனா விழுந்த இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து எழுதுவார்: என்ன நோய், எத்தனை நாள் படுத்திருந்தார், எந்த மணிக்குக் கண்ணை மூடினார். அடக்கத்தின்போது அதைச் சபையில் வாசிப்பார்கள். வாசித்த பிறகு பத்திரப்படுத்துவார்கள். முக்கியமானவற்றைக் கையால் பிரதி எடுத்து, கிரீன்லாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் உள்ள சபைகளுக்கெல்லாம் அனுப்புவார்கள். ஹெர்ன்ஹூட்டில் இப்படிப்பட்ட காகிதங்கள் பல்லாயிரம் இருக்கின்றன. ஒரு நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய பெட்டிகள்!

ஆனால் குடும்பத்தைத் தேடுகிறவனுக்கு அங்கே ஒரு தொல்லை காத்திருக்கிறது. மொரேவியர்களிடம் குடும்பம் என்பது நாம் நினைக்கிற குடும்பமல்ல. மணமாகாத ஆண்கள் ஒரு வீட்டில், பெண்கள் வேறொரு வீட்டில். யாருக்கு யாரை மணமுடிப்பது என்பதைக்கூடச் சீட்டுப் போட்டுப் பார்த்த காலமும் உண்டு. புதைப்பதிலும் அப்படியே. கணவன் பக்கத்தில் மனைவி கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், செத்த வரிசைப்படி ஒரே மாதிரிக் கற்கள். பெரியவர், சின்னவர் என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல சமத்துவம்தான், வம்சாவளி தேடுகிறவனுக்கு மட்டும் தலைவலி.

தரங்கம்பாடிக் குறிப்புகளில் அடிக்கடி வருவது காய்ச்சல். 1768-ல் நான்கௌரித் தீவில் குடியேறினார்கள். போனவர்கள் செத்தார்கள், அந்த இடத்துக்குத் தோட்டத்திலிருந்து வேறு ஆட்கள் போனார்கள். 1779 முதல் அங்கே இருந்து பிழைத்து வந்த ஹேன்ஸல் என்பவர், முதுமையில் எழுதிய கடிதங்கள் 1812-ல் லண்டனில் புத்தகமாயின. பதினொரு பேர் தீவிலேயே புதைக்கப்பட்டார்கள், பதின்மூன்று பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் இறந்தார்கள் என்று அவர் கணக்குச் சொல்லுகிறார். இதே மனிதர் பாம்புகளைப் பிடித்துப் பதப்படுத்தி, சங்கு, கிளிஞ்சல் சேகரித்து விற்று, சபையின் செலவுக்குப் பணம் தேடியவர். கொசுதான் எமன் என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் கெட்ட காற்று என்றும், கர்த்தருடைய சித்தம் என்றும் எண்ணிக்கொண்டு செத்தார்கள்.

1787-ல் நிக்கோபாரைக் கைவிட்டார்கள். கடைசியாக வந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்னே. அவர் கும்பினியின் தாவர சாஸ்திரியாகிப் பிற்பாடு பெங்களூர் லால்பாகையும் மேற்பார்த்தார். தென்னாட்டுச் செடிகள் சிலவற்றின் லத்தீன் பெயரில் இன்றும் 'ஹெய்னியானா' என்று அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1803-ல் தோட்டம் முடிந்துபோயிற்று. 1845-ல் தரங்கம்பாடியையே டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

ஆக, வாழ்ந்த நிலம் கைமாறிப் போயிற்று. வாழ்ந்தவர்களின் காகிதம் பத்திரமாக இருக்கிறது. இவர்களுக்கு முன்னால் அந்த நிலத்தில் ஏர் ஓட்டிய தமிழன் யார்? இவர்கள் போன பிறகு அதைப் பயிரிட்டவன் யார்? ஹெர்ன்ஹூட் பெட்டிகளில் அவன் வரலாறு இராது. அவன் சபையைச் சேர்ந்தவனல்லவே. அவனுக்குக் கிடைத்தது ஒப்பாரிதான். ஒப்பாரியிலும் பிறந்த வீடு, புகுந்த வீடு, பட்ட கஷ்டம் எல்லாம் வரும். மொரேவியர் எழுதியதைவிட நன்றாகவே வரும். பாடிய கிழவியோடு அது போய்விடும். எழுத்தில் வந்ததையும் நாம் வைத்துக்கொள்வதில்லை. சாவோலையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் படித்தவுடன் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது நம் பெரியவர்கள் சொல். ஒரு ஜாதி ஜனங்கள் சாவுக் காகிதத்தைப் பிரதி எடுத்து உலகமெல்லாம் அனுப்பினார்கள்; நாம் கிழித்தோம். இரண்டுக்கும் காரணம் பக்திதான் என்பது வேடிக்கை.

நெய்வேலிக்கு இது அந்நிய விஷயம் அல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. சுரங்கம் வந்த இடத்திலெல்லாம் ஊர்கள் இருந்தன. முந்திரியும் மணிலாவும் கம்பும் விளைந்த ஊர்கள். அந்தக் குடும்பங்கள் பல திசைகளில் போயின. சுரங்கம் விரிய விரிய இன்றுவரை போகின்றன. அவர்கள் வாழ்ந்த மண் இப்போது மேடாகக் குவிந்து கிடக்கிறது. அங்கே போய் எந்தக் கல்லைப் பார்ப்பது?

ஆனால் நிலம் எடுத்த ஆவணங்கள் இருக்கின்றன. சர்வே எண், பட்டாதாரர் பெயர், தகப்பன் பெயர், எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, மரம் எத்தனை என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எழுதிவைத்த கணக்கு. ஹெர்ன்ஹூட்டில் மனிதன் கதை இருக்கிறது, வயல் இல்லை. இங்கே புளியமரம்கூட எண்ணப்பட்டிருக்கிறது, மனிதன் கதை இல்லை. அந்தக் கதையின் ஒரு துண்டு இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் 'கண்ணீர் அஞ்சலி' நோட்டீஸ்களைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். படத்துக்குக் கீழே இறந்தவர் பெயருக்கு முன்னால் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். சிலவற்றில் அது பஸ் போகாத ஊர். போக ஊரே கிடையாது, சுரங்கந்தான் இருக்கிறது. மகன், மருமகன், பேரன், அவரவர் இப்போது குடியிருக்கும் இடம் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் எடுத்துக்கொண்டு பழைய அடங்கலைப் புரட்டினால் வயல் அகப்படும். மழை வருவதற்குள் செய்ய வேண்டும். நோட்டீஸ் பசை நிற்காது.