நாற்காலியை விடத் தெரிந்தவர்கள்

பட்டிமன்றத் தலைப்பு: தலைவராக விரும்பும் இளைஞர்கள் பெரிய தலைவர்களிடம் கற்க வேண்டியது, பதவியைப் பெறும் திறமையையா? பதவியை விடும் துணிவையா?

அணி: பதவியை விடும் துணிவையே!



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாங்க. "பதவியை விடணும், விடணும்னு சொல்றீங்களே, விடுவதற்கு முதலில் அது கைக்கு வர வேண்டாமா? இல்லாத காசை எப்படித் தருமம் பண்ணுவீங்க?" என்று கேட்டாங்க. நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஒன்று பாருங்க ஐயா. பதவி எத்தனையோ வழியில் வரும். உழைப்பால் வரும், மறுக்கவில்லை. அப்பா பேரால் வரும். அலை அடித்தால் வரும். இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டால், நடுவில் சும்மா நின்றவனுக்குத் தானாக வரும். (சிரிப்பு) ஆனால் வந்த பதவியைத் தானாக இறக்கி வைக்க ஒரே வழிதான் உண்டு. அதற்கு மனசு வேண்டும். வாங்குகிற வித்தையை எந்தக் கடைத்தெருவிலும் கற்றுக்கொள்ளலாம். விடுகிற துணிவைப் பெரியவர்களிடம்தான் கற்க முடியும்.

இது நாட்டு விஷயம் மட்டுமா? வீட்டுக்கு வாங்க. மருமகள் வந்து பதினைந்து வருஷம் ஆச்சு. அவளுக்கே பெண் வயசுக்கு வரப் போகுது. சாவிக்கொத்து இன்னும் மாமியார் இடுப்பில்தான் இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) ஒரு பீரோ சாவியை விடவே இவ்வளவு கஷ்டம் என்றால், ஒரு மாநிலத்தின் சாவியை, ஒரு நாட்டின் சாவியை விடுவது எவ்வளவு கஷ்டம்! அதை இறக்கி வைத்த மூன்று பேரை உங்கள் முன்னால் நிறுத்துகிறேன்.

முதலாமவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956-ஆம் ஆண்டு. அவர் மத்திய ரயில்வே அமைச்சர். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் மகபூப்நகர் அருகே அந்த ஆண்டு ஒரு ரயில் விபத்து. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அடுத்த சில மாதங்களில், நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை, நம்ம அரியலூர். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ். கொட்டுகிற மழை. மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்துவிட்டது. வண்டி ஆற்றுக்குள் போய்விட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். 140-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

பாலத்தை வெள்ளம் அரித்ததற்கு டில்லியில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர் என்ன செய்வார்? நாம் கேட்போம். சாஸ்திரி கேட்கவில்லை. மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு நாடாளுமன்றத்தில் என்ன விளக்கம் கொடுத்தார் தெரியுமா? விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இதை ஏற்கவில்லை, பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்ற கருத்தில் பேசினார். நடுவர் அவர்களே, தவறு செய்தவன் பதவி விலகுவது தண்டனை. தன் துறையில் நடந்த தவறுக்குத் தானே முன்வந்து விலகுவது பண்பு. அரியலூரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த ராஜினாமா பிள்ளையைத் திருப்பித் தராது. ஆனால் "உன் பிள்ளை வெறும் எண்ணிக்கை இல்லையம்மா" என்று ஓர் அரசாங்கம் அவளிடம் சொல்ல வேறு என்ன வழி இருக்கிறது?

1957-இல் மீண்டும் அமைச்சர் ஆனார். 1961-இல் உள்துறை. 1963-இல் மறுபடியும் ராஜினாமா. 1964 ஜூன் 9-ஆம் தேதி பாரதப் பிரதமர்! இதைக் கேட்டதும் சில இளைஞர்கள், "ஆகா, விட்டால் பெரிசாகக் கிடைக்கும் போலிருக்கே" என்று கணக்குப் போடுவாங்க. தம்பி, அப்படி விட்டால் அதற்குப் பேர் துணிவு இல்லை, வட்டிக்கடை! (கைதட்டல்) விட்டதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் நான் இரண்டாமவரை அழைத்து வருகிறேன்.

பெருந்தலைவர் காமராஜர். 1954 ஏப்ரல் 13-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆகிறார். எப்படி ஆகிறார்? சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியம் அவரை எதிர்த்துப் போட்டி போட்டார். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? "இந்த இரண்டு பேரையும் கண்ணில் படாத இடத்தில் போடு" என்போம். அவர் இரண்டு பேரையும் தன் அமைச்சரவையில் உட்கார வைத்தார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவை அது!

எங்கள் கட்சியின் அடிப்படையே இதுதான் ஐயா. நாற்காலி போய்விடுமோ என்று பயப்படுகிறவன் தன்னைச் சுற்றித் தலையாட்டிகளை வைத்துக்கொள்வான். போனால் போகட்டும் என்று நினைக்கிறவன்தான் கெட்டிக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். விடும் துணிவு என்பது பதவியின் கடைசி நாளில் வருவது இல்லை. முதல் நாளிலேயே இருந்தால்தான் அந்த ஆட்சியே நல்ல ஆட்சியாக இருக்கும்.

அப்புறம் என்ன? பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, அணைகள், தொழிற்சாலைகள். இதையெல்லாம் எதிரணியே பாராட்டிப் பேசிவிட்டது. நான் 1963-க்கு வருகிறேன். 1962-இல் சீனப் போர். 1963-இல் வடக்கே முக்கியமான மூன்று இடைத்தேர்தல்களில் காங்கிரசுக்குத் தோல்வி. இங்கே தமிழ்நாட்டில் 1957-இல் 15 இடம் பெற்ற தி.மு.க. 1962-இல் 50 இடம் பெற்றுவிட்டது. ஊழியர்கள் எல்லாம் பதவியைப் பார்க்கிறார்கள், மக்களைப் பார்க்க ஆள் இல்லை என்று காமராஜருக்குப் பட்டது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போகட்டும் என்றார். அதுதான் காமராஜ் திட்டம். ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் விலகினார்கள். யோசனை சொன்னவரும் அதில் ஒருவர்! 1963 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் அன்று முதலமைச்சர் பதவியை விட்டார்.

அதில் அரசியல் கணக்கே இல்லையா என்று எதிரணி கேட்கும். சிலரை ஓரம்கட்ட டில்லிக்கு அது வசதியாக இருந்தது என்று அன்றைக்கே பேசினார்கள். இருக்கட்டும். அடுத்தவன் நாற்காலியை மட்டும் இழுத்தால் அது சூழ்ச்சி. தன் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி வைத்தாரே, அதற்கு என்ன பேர் வைப்பீங்க?

அடுத்து அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். 1964-இல் நேரு மறைந்தபோது சாஸ்திரியைப் பிரதமராக்கினார். 1966-இல் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தி. இரண்டு முறை இந்தியாவின் மிக உயர்ந்த நாற்காலி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. இரண்டு முறையும் இன்னொருவரை அதில் உட்கார வைத்தார்.

இப்போது விலைக்கு வருகிறேன். எதிரணி நண்பர் எழுந்து, "அவர் முதலமைச்சராகவே இருந்திருந்தால் 1967-இல் காங்கிரஸ் தோற்றிருக்காதே" என்றார். இருக்கலாம் ஐயா. 1965-இன் மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, அதெல்லாம் வந்தபோது அவர் கோட்டையில் இல்லை. சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக வந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். நான் மறைக்கவில்லை. விடுவதற்கு விலை உண்டு. விலை இல்லாததைத் துணிவு என்று யார் சொல்வார்கள்? அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் பேர் என்ன ஆச்சு? எதிரணியும் இங்கே நின்று "பெருந்தலைவர்" என்றுதானே சொன்னது! (கைதட்டல்)

மூன்றாமவருக்குக் கடல் கடந்து போக வேண்டும். தென்னாப்பிரிக்கா. நெல்சன் மண்டேலா. 27 ஆண்டுகள் சிறை. 1990 பிப்ரவரி 11-இல் விடுதலை. 1994 மே 10-இல் தம் 75-ஆவது வயதில் நாட்டின் அதிபர். சட்டப்படி இரண்டு முறை இருக்கலாம். 27 வருஷம் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் பத்து வருஷம் நாற்காலியில் இருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவர் ஒரே முறைதான் இருந்தார். 1997-லேயே கட்சித் தலைமையை எம்பெக்கியிடம் கொடுத்துப் பழக்கினார். 1999 ஜூனில் ஆட்சியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்து நாட்டை எட்டிப் பாருங்க. ஜிம்பாப்வே. ராபர்ட் முகாபே. அவரும் விடுதலைப் போராளிதான். அவரும் பத்தாண்டு சிறையில் இருந்தவர்தான். 1980-இல் ஆட்சிக்கு வந்தபோது அந்த மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களை எல்லாம் பெருக்கினார், நல்ல காரியம். ஆனால் விடவில்லை! 1990 போச்சு, 2000 போச்சு, விடவில்லை. பணத்தின் மதிப்பு சரிந்து, 2009-இல் நூறு லட்சம் கோடி டாலர் என்று ஒரே நோட்டு அச்சடித்தார்கள். (சிரிப்பு) சிரிக்கிறோம். அந்த ஊர் இல்லத்தரசி அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருப்பாள், பாவம். 37 ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில், தம் 93-ஆவது வயதில், ராணுவம் தலையிட்ட பிறகுதான் ராஜினாமா செய்தார். அன்றைக்கு அந்தத் தலைநகர வீதியில் மக்கள் ஆடினார்கள். எதற்கு? எந்த மனிதர் வந்ததற்கு ஆடினார்களோ, அதே மனிதர் போனதற்கு!

நடுவர் அவர்களே, பதவியைப் பெறும் திறமையில் மண்டேலாவுக்கு முகாபே ஒன்றும் குறைந்தவர் இல்லை. இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள், இரண்டு பேரும் ஜெயித்தார்கள். விடத் தெரிந்தது ஒருவருக்குத்தான். எங்கள் வழக்கு இந்த ஒரு ஒப்பீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

கடைசியாக, தலைவராக ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஊராட்சித் தலைவராகட்டும், கல்லூரி மன்றச் செயலாளராகட்டும், தெருவின் மகளிர் குழுத் தலைவியாகட்டும், மூன்று பழக்கம் வேண்டும். உங்கள் பொறுப்பில் தப்பு நடந்தால், யாரும் விரல் நீட்டுவதற்கு முன்னால் நீங்களே எழுந்து நில்லுங்கள். அது சாஸ்திரி. உங்களைவிடத் திறமையானவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது காமராஜர். நாளைக்கு யார் என்பதை இன்றைக்கே தயார் செய்யுங்கள். அது மண்டேலா.

இந்த மூன்றுக்கும் ஒரு முன் நிபந்தனை உண்டு. பதவியை நம்பிப் பிழைப்பை வைக்காதீர்கள். பிரதமர் சாஸ்திரி ஒரு ஃபியட் கார் வாங்க வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அவர் மறைந்த பிறகு மனைவி லலிதா அம்மையார் அதை அடைத்தார். காமராஜர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, பதவியை விட்ட அதே காந்தி பிறந்த நாளில், சென்னை தியாகராய நகர் வாடகை வீட்டில் கண்ணை மூடினார். பதவியால் எதையும் சேர்த்துக்கொள்ளாதவர்கள். அதனால்தான் எழுந்திருக்கும்போது வேட்டி நுனி நாற்காலியில் மாட்டிக்கொள்ளவில்லை. (நீண்ட கைதட்டல்)

ஆகவே, பெரிய தலைவர்களிடம் இளைஞர்கள் கற்க வேண்டியது பதவியை விடும் துணிவையே, விடும் துணிவையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடுவதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டு, நான் இந்த மைக்கை விடாமல் நின்றால் நன்றாக இருக்காது. நீங்கள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே விட்டுவிட்டேன் ஐயா.