உருளைத் தாங்கியின் வரலாறு

சக்கரம் கண்ட நாளிலேயே மனிதன் உராய்வை வென்றுவிட்டான் என எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. தரையில் இருந்த உராய்வைச் சக்கரம் அச்சுக்கு மாற்றியதேயன்றி ஒழித்துவிடவில்லை. நம் மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கு மை இட்டதும் அவ்வுராய்வைத் தணிப்பதற்கே.

தேய்த்து இழுப்பதினும் உருட்டுவது எளிது. இவ்வுண்மையை அச்சினுள்ளும் புகுத்த முயன்றவர்களுள் ஒருவர் வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தன் நகரத்துப் பிலிப் வாகன். வண்டி அச்சைச் சுற்றிக் குண்டுகள் உருளும் அமைப்புக்கு 1794ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். ஆயின் குண்டு சுமையைத் தாங்கும் இடம் மிகச் சிறிது. நீண்ட உருளையோ சுமையைத் தன் நீளம் முழுவதும் பரப்பும். எனினும் வண்டி திரும்புகையில் அச்சின் வழியே எழும் பக்கத் தள்ளுவிசைக்கு நேருருளை ஈடுகொடுக்காது.

இச்சிக்கலுக்கு வழி கண்டவர் மோட்டார்ப் பொறியாளர் அல்லர், குதிரைவண்டி செய்தவர். 1831இல் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் தொழில் நடத்திய ஹென்றி டிம்கன், தம் உறவினர் ரெஜினால்ட் ஹைன்சல்மனுடன் 1898இல் கூம்புருளைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். இதில் உருளைகளும் அவை ஓடும் தடங்களும் கூம்பு வடிவின. அவற்றின் சாய்வுகளை நீட்டினால் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் கூடும். ஆகவே உருளைகள் வழுக்காமல் உருள்கின்றன. மேற்சுமையையும் பக்கத் தள்ளுதலையும் ஒருங்கே ஏற்கின்றன.

1899இல் டிம்கன் நிறுவனம் தோன்றியது. 1901இல் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகருக்குப் பெயர்ந்தது. மோட்டார் வண்டி பெருகத் தொடங்கிய காலம் அது. எஞ்சினின் ஆற்றலைப் பின்னச்சுக்குத் தரும் சாய்வுப் பல்சக்கரம் சுழலும்போது, தன் தண்டின் வழியேயும் தள்ளப்படுகிறது. குதிரைவண்டிக்குக் கண்ட தீர்வு அங்கும் பொருந்தியது.

1930இல், எல்லா அச்சுகளிலும் உருளைத் தாங்கி பூட்டிய 1111ஆம் எண் நீராவி எஞ்சினை டிம்கன் நிறுவனம் ஓடவிட்டது. அப்பேரெஞ்சினைச் சிலர் கையாலேயே இழுத்து நகர்த்திக் காட்டினர். வழுக்குத் தாங்கியில், ஓட்டத்தின்போது எண்ணெய்ப் படலம் சுமையைத் தாங்கும். நிற்கும்போது அப்படலம் நசுங்கி உலோகம் உலோகத்தைத் தொடும். எனவே புறப்படும் வேளையில்தான் உருளையின் நன்மை மிகுதியும் விளங்கும்.

இன்றும் உராய்வு முற்றும் ஒழியவில்லை. உருளையின் பருத்த முனை, தடத்தின் விளிம்பில் உரசியே சுழல்கிறது. அப்பரப்பை மெருகேற்றுவதும், ஏற்ற எண்ணெய் தேர்வதும், இறுக்கத்தை அளவோடு வைப்பதும் வடிவமைப்போர் கடன். இறுக்கம் மிகுந்தால் சூடேறும். குறைந்தால் பற்கள் சரிவரப் பொருந்தா. இவ்வுராய்வு குறையுமளவு எரிபொருளும் மிஞ்சும்.

நம் நாட்டில், 1987இல் தோன்றிய டாட்டா டிம்கன் நிறுவனம் 1992இல் ஜாம்ஷெட்பூரில் இத்தாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. பின்னர் டிம்கன் இந்தியா எனப் பெயர் மாறியது. தம் கைத்தொழிலில் கண்ட குறையை விடாது ஆராய்ந்த ஒரு வண்டிக்காரரின் சிந்தனை, கடல் கடந்து இவ்வளவு தொலைவு உருண்டு வந்துள்ளது. பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள், பட்டறையில் உழைப்போரின் அனுபவத்தையும் ஒரு பாடநூலாகக் கொள்வாராக.